கேப்டன் இல்லாத படகிலிருந்து

காது மாதிரி வளைந்த குடா,
செவ்வாய் காலை

அன்புள்ள கேப்டனுக்கு,

இங்கே நானும் படகும் முழுசாக இருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் காலும் சண்டை போடாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இந்தத் தீவுகளில் போனுக்கு சிக்னல் கிடையாது. சரக்குக் கப்பல் நாளை இந்தப் பக்கம் வருகிறது, தபால் பையும் அதில்தான் போகும். அதனால் மனசில் இருப்பதை எல்லாம் இன்றைக்கே கொட்டிவிட வேண்டும்.

முதலில் ஒரு செய்தி. உட்கார்ந்துகொண்டு படியுங்கள் என்று எழுத வந்தேன், நீங்கள் எப்படியும் படுத்துக்கொண்டுதான் படிப்பீர்கள். உங்கள் அம்மா வந்திருக்கிறார்.

உங்களை விமானத்தில் ஏற்றி அனுப்பிய இரண்டு மூன்று நாளில் வந்து இறங்கிவிட்டார். படகில் ஒரு வாரம் தங்கிப் பார் என்று நீங்கள் எப்போதோ எழுதியதை நம்பி, ஒரு பெரிய பெட்டி, ஒரு கறுப்புக் குடை, உங்களுக்காகப் பின்னிய ஒரு ஸ்வெட்டர் எல்லாவற்றோடும் கப்பலை விட்டு இறங்கினார். இந்த வெயிலில் ஸ்வெட்டர்! நான் ரப்பர் படகை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் உங்களைத் தேடினார். நீங்கள் விழுந்ததை, இடது முழங்கால் உடைந்ததை, நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை எல்லாம் சொன்னேன். பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. "எங்க விழுந்தான்னு காட்டு" என்றார். படகுக்கு அழைத்து வந்து காட்டினேன். உங்களை இடித்துத் தள்ளிய, படகுப் பாயின் அடியில் இருக்கும் குறுக்குக் கட்டையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டையா? இதுக்கா அவ்வளவு பெரிய ஆள் விழுந்தான்?" என்று அதைத் திட்டினார். கட்டை பதில் பேசவில்லை.

அதே கப்பலில் ஏறி உங்களிடம் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானே சொல்லவும் சொன்னேன். "அவனைப் பாத்துக்க அங்க ஒரு ஆஸ்பத்திரியே இருக்கு. உன்னைப் பாத்துக்க இங்க யாரு இருக்கா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அத்தை என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்ட கையோடு பெட்டியை உள்ளே இறக்கச் சொல்லிவிட்டார்.

உங்களை அனுப்பிய காலையை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஸ்ட்ரெச்சரை வைத்த பிறகு அந்தக் குட்டி விமானத்தில் ஒரே ஒரு இருக்கைதான் மிச்சம், அதில் நர்ஸ் உட்கார்ந்தாக வேண்டும். "படகைப் பாத்துக்கோ" என்றீர்கள். "காலைப் பாத்துக்கங்க" என்றேன். பாத்திரக் கடையில் பேரம் முடித்துக்கொண்டவர்கள் மாதிரி பிரிந்தோம்.

முதலில் உங்களைத் தூக்கிப்போன அந்தத் தீவு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையும் கண்ணைவிட்டு அகலவில்லை. ஒரே ஜன்னல், அதையும் கறுப்புப் பெயிண்ட் அடித்து மூடியிருந்தார்கள். எக்ஸ்ரே எடுப்பவர் லீவில் போயிருந்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை. ஆணியில் தொங்கிய ஈய அங்கியை நானே மாட்டிக்கொண்டு, எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்த காலமெல்லாம் வருகிறவர்கள் அத்தனை பேரிடமும் சொன்னது போல உங்களிடமும் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். முழங்காலுக்கு அது தேவையே இல்லை. பழக்க தோஷம். நீங்களும் மறுபேச்சு இல்லாமல் பிடித்துக்கொண்டீர்கள். படத்தை உங்களுக்கு முன்னால் நான் பார்த்தேன். அதைப் பற்றி அங்கே பெரிய டாக்டர்கள் பேசட்டும். நான் படகைப் பற்றிப் பேசுகிறேன்.

படகை அங்கேயே விட்டுவிட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். காற்று கிழக்கிலிருந்து அடிக்கும்வரை இந்தத் தீவுகளின் மேற்குப் பக்கம் முழுக்க சொர்க்கம்தான். தீவே சுவர் மாதிரி நின்று காற்றை மறைத்துக்கொள்ளும். மழைக்காலம் வந்து காற்று திரும்பி மேற்கிலிருந்து அடித்தால் இதே குடாக்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதற்குள் தெற்கே, சுற்றிலும் மலை அடைத்த உள்துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். படகை ஓட்டிப்போக ஒரு ஆளை அனுப்புகிறேன் என்றார் துறைமுக ஏஜெண்ட். எப்போ என்று கேட்டேன். அடுத்த மாசம் என்றார். அடுத்த மாசம் வருகிறவர் கரையில் கிடக்கும் பலகைகளைத்தான் ஓட்டிப்போக வேண்டியிருக்கும். வேண்டாம், நாங்களே கொண்டுபோகிறோம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. படகு விஷயத்தில் நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நமக்குத் தெரிந்ததில் பாதி உங்களோடு விமானம் ஏறிவிட்டது.

முதல் நாள் பயணம் குறைந்த தூரம். இந்தக் குடாவுக்கு உச்சி வெயிலில் வந்து சேர்ந்தோம். வேண்டுமென்றே அந்த நேரத்தில் வந்தேன். வெயில் தலைக்கு மேல் இருந்தால்தான் தண்ணீரின் நிறம் தெரியும். கருநீலம் என்றால் ஆழம், பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் பவளப்பாறை, அதன் பக்கமே போகக்கூடாது. இதெல்லாம் சரி. நாம் நங்கூரம் போடும் லட்சணம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து கத்துவீர்கள். முன்னால் நிற்கும் எனக்கு எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. "என்ன?" என்று நான் திரும்புவதற்குள் சங்கிலி தன் பாட்டுக்கு ஓடிவிடும். பக்கத்துப் படகுக்காரர்கள் காபிக் கோப்பையோடு வெளியே வந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

இப்போது சுக்கானில் நான், முன்னால் அத்தை. கத்தினால் வேலைக்கு ஆகாது என்று ஒரு ஏற்பாடு செய்தோம். குடையை வலப்பக்கம் நீட்டினால் வலம், இடப்பக்கம் நீட்டினால் இடம். தலைக்கு மேல் தூக்கினால் மெதுவாக வா. கீழே நல்ல மணல் தெரிந்தால் விரித்துவிட வேண்டும். அத்தை போர்வாளை ஏந்தினவர் மாதிரி நின்றார். வலம், இடம், மெதுவாக. பிறகு குடையை விரித்தார். விரித்த வேகத்தில் காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. அத்தை விடவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகையால் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டே காலால் சங்கிலியை இறக்கும் பொத்தானை மிதித்தார். சங்கிலி இறங்கியது. நான் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டேன். படகு ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. குதித்து முங்கிப் போய்ப் பார்த்தால், நங்கூரம் காம்பு வரைக்கும் மணலில் புதைந்திருக்கிறது. கத்தல் இல்லை, சண்டை இல்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது.

பக்கத்துப் படகில் ஒரே ஒருவர், தனி ஆள். முன்பு ரொட்டிக் கடை வைத்திருந்தவராம். அவர் கைதட்டினார். மாலையில் சூடாக ஒரு ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அத்தை அவரை ரொட்டிக்காரர் என்று கூப்பிடுகிறார், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

வயர்லெஸ்ஸை அத்தை கையில் கொடுத்தது என் தவறு. சுற்றுவட்டாரப் படகுகள் எல்லாம் காலையில் ஒரு அரைமணி நேரம் பேசிக்கொள்ளுமே, அதில் அத்தை நுழைந்துவிட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த குரல் அப்படியே இருக்கிறது. "யார் பேசறது? தெளிவா சொல்லுங்க. லைன்லயே இருங்க." வடக்கே இருக்கும் படகுக்குக் கேட்காததைத் தெற்கே இருக்கும் படகிடமிருந்து வாங்கிக் கொடுக்கிறார். யாருக்கு பம்ப் வாஷர் வேண்டும், யாரிடம் இருக்கிறது, யார் மனைவிக்குப் பல்வலி எல்லாம் இப்போது நம் படகுக்குத் தெரியும். "எக்ஸ்சேஞ்ச் அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக் கூப்பிடுகிறார்கள். நான் இருக்கிறேனா என்று யாரும் கேட்பதில்லை.

நாங்கள் நன்றாகச் சாப்பிடுகிறோம். சரியாகத் தூங்குவது அத்தை மட்டும். கட்டுக்குள் அரித்தால் ஸ்பூனை விட்டுச் சொறியாதீர்கள். அங்கே லிப்ட் நின்றுபோனால் போய் ரிப்பேர் பண்ணக் கிளம்பாதீர்கள். மேலும் கீழும் போய் அலுத்துவிட்டது, இனிமேல் பக்கவாட்டில் போகலாம் என்று சொல்லித்தானே அந்த லிப்ட் வேலையை விட்டீர்கள், வீட்டை விட்டீர்கள், என்னையும் இதில் ஏற்றினீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் தற்காலிக கேப்டன்



அலையாத்திக் காட்டு ஓடை,
வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் சௌக்கியம். நீ சௌக்கியம் என்று நீ எழுதினால் நம்ப மாட்டேன், நர்ஸை விட்டு எழுதச் சொல். உன் பெண்டாட்டி வெளியே கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கண்ணில் படாமல் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் படகு ஆடுகிறது என்று நினைத்துக்கொள். வயசு என்று நினைக்காதே.

புயல் வந்ததும் போனதும் உனக்குப் பேப்பரில் தெரிந்திருக்கும். நாங்கள் இருவரும், படகும் பத்திரம். அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

புயல் வடக்கே தூரமாகப் போய்விடும், நமக்குக் கிழக்குக் காற்றுதான் பலமாக அடிக்கும் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். உன் வரைபடத்தில் ஒரு பெரிய குடாவைப் பென்சிலால் வட்டம் போட்டு, "புயல் வந்தால் இங்கே" என்று எழுதி வைத்திருக்கிறாயே, அங்கே போனோம். நல்ல மணல், நல்ல அகலம். பஸ் ஸ்டாண்ட் மாதிரி படகுகள் வந்து குவிந்திருந்தன. வயர்லெஸ்ஸில் பேசிப் பழகினவர்கள் எல்லாரையும் நேரில் பார்த்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். உன் பெண்டாட்டிக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. மேல்தட்டில் நின்று வானத்தைப் பார்க்கிறாள், முனையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும் அலையைப் பார்க்கிறாள், உள்ளே வந்து வரைபடத்தைப் பார்க்கிறாள். கடைசியில், "அத்தை, இது வேணாம்" என்றாள். தெற்கே கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடை இருக்கிறதாம், வேர்கள் தண்ணீரில் நிற்கிற காடு இரண்டு பக்கமும், அதற்குள் போய்விடலாம் என்றாள்.

நான் சண்டை போட்டேன். உன்னிடம் மறைப்பானேன். "என் பையன் கைப்பட எழுதி வச்சிருக்கான். அவனுக்குத் தெரியாதது உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே என்னைக் கரையில் இறக்கிவிட்டிருப்பாள். இவள் கோபப்படவில்லை. "அவர் எழுதினது கிழக்குக் காத்துக்கு அத்தை. புயல் சொன்ன வழியில போகலைன்னா காத்து சுத்திக்கிட்டு மேற்கே வரும். அப்ப முன்னாடி கடல், பின்னாடி மணல்திட்டு, நடுவுல நாம. அவர் இங்க நின்னு பாத்திருந்தா அவரே மாத்தியிருப்பார்" என்றாள். நீ மாற்றியிருப்பாயா என்பது எனக்கு நிச்சயமில்லை. நீ பிடிவாதக்காரன். பெற்றவள் சொல்கிறேன்.

நங்கூரத்தைத் தூக்கினோம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ரொட்டிக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு எங்கள் பின்னாலேயே கிளம்பினார்.

ஓடையின் வாயில் தண்ணீர் குறைவு. கடல் ஏறும் நேரம் பார்த்துத்தான் நுழைய வேண்டுமாம். நாங்கள் கொஞ்சம் முந்திவிட்டோம். படகின் அடி சேற்றில் போய் உட்கார்ந்துவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பின்னால் வானம் தார் பூசின மாதிரி ஏறி வருகிறது. இவள் எஞ்சினை நிறுத்திவிட்டு, "டீ போடறீங்களா அத்தை?" என்று கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். அவள் குரல் ஆடவே இல்லை. "தண்ணி ஏறிக்கிட்டிருக்கு, அதுவே தூக்கி விட்டுடும்" என்றாள். டீயைக் குடித்து முடித்தோம். படுத்திருந்த மாடு எழுந்துகொள்வது போல படகு ஒரு அசைவு அசைந்து எழுந்தது. அப்படியே உள்ளே நழுவிப் போனோம்.

அப்புறம் வேலை. ரொட்டிக்காரர் ரப்பர் படகில் கயிறுகளைக் கொண்டுபோய் இரண்டு கரையிலும் மரங்களில் கட்டினார். இவள் பாய்களை எல்லாம் கழற்றி உள்ளே திணித்தாள். என் படுக்கையில் பாதியைப் பாய் பிடித்துக்கொண்டது. படகு துணி காயப்போடும் மொட்டைமாடி மாதிரி ஆகிவிட்டது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கயிறு.

காற்று கிழக்கில் ஆரம்பித்தது. மறுநாள் காலையில் வடக்கே வந்தது. மத்தியானம் மேற்கே திரும்பி, காட்டை வேரோடு பிடுங்குகிற மாதிரி அடித்தது. மேற்கே திரும்பின அந்த நேரத்தில் அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தீங்களா என்று கேட்கவில்லை. நானாக இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்டியிருப்பேன்.

நீ குறித்த குடாவில் நின்ற படகுகளில் பல இப்போது மணலில் சாய்ந்து கிடக்கின்றன. உயிர்ச்சேதம் இல்லை. யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை, எல்லாரும் அதே குடாவைத்தானே நம்பினார்கள். நம் படகில் கம்பி ஒன்று வளைந்தது. என் குடை போய்விட்டது.

இன்னொரு விஷயம். உன் கால் எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். "ஆறிடும் அத்தை" என்றாள். ஆள் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவள் நான். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மேலே கேட்கவில்லை. நீயும் எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். சொல்ல வேண்டியவளிடம் சொல்.

அவளை எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பண்டிகை, விசேஷம் என்று வருவாள், பாத்திரம் கழுவுவாள், போய்விடுவாள். நீ பேசுவாய், அவள் தலையாட்டுவாள். அவள் குரலை நான் சரியாகக் கேட்டதே இங்கேதான்.

வேளைக்குச் சாப்பிடு. நடக்கச் சொன்னால் நட, வேண்டாம் என்றால் கிட. உனக்கு நீண்ட ஆயுளும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பொறுமையும் கிடைக்கட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா



உள்துறைமுகம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள உங்களுக்கு,

வந்து சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. நாலு பக்கமும் மலை. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி அசையாமல் இருக்கிறது. வந்த அன்று படகு ஆடாததால் எனக்குத் தலை சுற்றியது. படகுப் பட்டறைக்குப் பக்கத்துத் துறையில் கட்டியிருக்கிறோம். காலையில் தச்சர்கள் மரம் இழைக்கும் இழைப்புளிச் சத்தத்தில்தான் விழிப்பு வருகிறது. துறைமுகத் தெரு ஒன்றே ஒன்றுதான். ஒரு முனையில் கயிற்றுக் கடை, மறுமுனையில் தபால் ஆபீஸ், நடுவில் அத்தை எல்லாரிடமும் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்.

புயலைப் பற்றி அவர் உங்களுக்கு எழுதிவிட்டார் என்று தெரியும். உறையை ஒட்டி, என்னைப் பார்க்காமல் தபால் பையில் போட்டார். நீங்கள் குறித்த குடாவில் நான் நிற்கவில்லை. அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை, நீங்களும் கேட்க மாட்டீர்கள். ஆனால் அவர் தன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டார். அதனால் அதை நான் எழுதுகிறேன்.

காற்று மேற்கே திரும்பின மத்தியானம், குடாவில் இருந்த ஒரு படகிலிருந்து ஒரு பெண் வயர்லெஸ்ஸில் அழுதாள். நங்கூரம் பிடிக்கவில்லை, இழுத்துக்கொண்டு போகிறது என்றாள். கணவன் வெளியே எஞ்சினோடு போராடிக்கொண்டிருக்கிறான், கீழே இவள் தனியாக இருக்கிறாள். ஓடையிலிருந்து நாங்கள் போய் உதவ வழியே இல்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அத்தை ஒலிவாங்கியை எடுத்தார். "நான் லைன்ல இருக்கேன்ம்மா. நீயும் லைன்லயே இரு. உன் பக்கத்துல ஒரு அலமாரி இருக்குல்ல? திற. என்னென்ன டப்பா இருக்குன்னு ஒவ்வொண்ணா சொல்லு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண் சர்க்கரை என்றாள். "எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார் அத்தை. பாதி. "அப்புறம்?" உப்பு. "அப்புறம்?" இப்படியே ஒவ்வொரு டப்பாவாக, அலமாரி தீர்ந்ததும் அடுத்த அலமாரி. நடுவில் படகு எதிலோ இடிக்கும் சத்தம் எங்களுக்கே கேட்கும். அந்தப் பெண் வீறிடுவாள். அத்தை குரலை ஒரு நூல்கூட உயர்த்தாமல், "சரி, அதுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?" என்பார். படகு மணலில் ஏறி நின்று, "இறங்கச் சொல்றாரு, போறேன்ம்மா" என்று அவள் சொல்லும்வரை விடவில்லை. ஒலிவாங்கியை மாட்டிவிட்டுத் திரும்பினபோது அத்தையின் ரவிக்கை வேர்வையில் ஊறியிருந்தது. என்னிடம், "அடுப்புல ஏதாவது வச்சிருக்கியா?" என்று கேட்டார். அப்புறம் என் தோளில் தலையை வைத்துக்கொண்டார். நானும் அசையாமல் இருந்தேன்.

ரெண்டு நாள் கழித்து அந்தப் பெண் எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். அவர்கள் படகு இனி உதவாது. கணவனும் மனைவியும் கீறல்களோடு தப்பிவிட்டார்கள். குரலை வைத்து வேறு யாரையோ எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது, "நீங்களா?" என்றாள். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நாங்கள் வருவதற்கு முன்பே வந்து தபால் ஆபீஸில் காத்திருந்தது. புயலுக்கு முன்னால் எழுதியது. ஒரு பக்கம் முழுக்கப் பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை. இன்னொரு பக்கம் முழுக்க ஆஸ்பத்திரி லிப்ட்டின் கதவு சரியாக மூடுவதில்லை என்ற கவலை. கடைசியில் இரண்டே வரி. படகை விற்றுவிடலாம், தரகரிடம் சொல்லியிருக்கிறேன், வந்து பார்ப்பார், போதும் இல்லையா என்று எழுதியிருக்கிறீர்கள். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் தபால் ஆபீஸ் வாசலிலேயே நின்று அதைப் படித்தேன். நீங்கள் "போதும்" என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. "இல்லையா" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லலாம் அல்லவா?

தரகர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் டார்ச். தரைப்பலகைகளைத் தூக்கிப் பார்த்தார், பாய்களை விரலால் சுரண்டிப் பார்த்தார். எஞ்சின் எத்தனை வருஷம் என்று என்னைக் கேட்டார், பதிலுக்குக் காத்திருக்காமல், "கேப்டன் எப்ப வருவார்? அவர்கிட்டயே பேசிக்கிறேன்" என்றார். உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை தலையை வெளியே நீட்டினார். "கேப்டன் உங்க முன்னாடிதான் நிக்கிறா. பேசுங்க" என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்தப் படகு ரெண்டு பேருடையது, ரெண்டு பேரும் இதன் மேல் ஒன்றாக நின்று விற்கிறோம் என்று சொன்னால்தான் விற்பனை, அதுவரைக்கும் இல்லை என்றேன். நிற்க வேண்டும் என்பதுகூட இல்லை, உட்கார்ந்துகொண்டு சொன்னாலும் போதும் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. டார்ச்சை அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

பட்டறையில் ஒரு தச்சர் இருக்கிறார், அதிகம் பேசாதவர். அவரைக் கூப்பிட்டுச் சில வேலைகள் செய்யச் சொல்லியிருக்கிறேன். உள்ளே இறங்கும் ஏணி செங்குத்தாக இருந்ததே, அதை எடுத்துவிட்டுச் சரிவாகப் படி வைத்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் கைப்பிடி. கரையிலிருந்து படகுக்கு ஏற அகலமான பலகை. எல்லாம் அத்தைக்காக என்று சொன்னேன். அவரும் தலையாட்டிக்கொண்டு அளவெடுத்தார். சுக்கானுக்குப் பக்கத்தில் இடப்புறமாக ஒரு நீளமான இருக்கை வேண்டும் என்று சொன்னபோதுதான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு நீளம் எதுக்கு? அம்மா குள்ளமாத்தானே இருக்காங்க?" என்றார். இடது காலை மடக்காமல் நீட்டி உட்காருவார் என்று நான் சொல்லிவிட்டு அத்தையைப் பார்க்காமல் கடலைப் பார்த்தேன். "ஆமா, நல்லா நீட்டுவேன். ஒரு சாண் கூடவே போடுங்க" என்றார் அத்தை.

இருக்கைப் பலகையைப் பொருத்திய அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் அதில் உட்கார்ந்து டீ குடித்தோம். அத்தையின் கால் தரைக்கு எட்டவில்லை. அது யார் காலுக்கு அளவெடுத்தது என்று இருவருக்கும் தெரியும்.

டாக்டர் எப்போது விடுகிறார் என்று எழுதுங்கள். பகல் கப்பலில் வாருங்கள், அதில் இறங்குவது சுலபம். ரொட்டிக்காரரும் இங்கேதான் வந்து கட்டியிருக்கிறார், பெட்டி தூக்க ஆள் இருக்கிறது. மழைக்காலம் முடியும்வரை எங்கும் போக முடியாது. அதுவரை யோசிக்க நேரம் இருக்கிறது. வந்து பார்த்த பிறகும் போதும் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தத் தரகரை நானே கூப்பிட்டு அனுப்புகிறேன். ஆனால் என்னைக் கேட்டால் எனக்குப் போதவில்லை. தெற்கே இன்னும் நாம் பார்க்காத தீவுகள் இருக்கின்றன. ஓட்டுவதற்கு எனக்குக் கை வந்துவிட்டது. பக்கத்தில் பேச ஆள் இல்லாமல் ஓட்டத்தான் பிடிக்கவில்லை.

இருக்கையில் ஒரு வேலை மட்டும் பாக்கி. முதுகுச் சாய்மானத்தைத் தச்சர் இன்னும் பொருத்தவில்லை. எவ்வளவு சரிவு வேண்டும் என்று அதில் உட்காருகிறவர் வந்து உட்கார்ந்தால்தான் தெரியும், அந்தம்மா உட்கார்ந்து காட்டினது சரிப்படாது என்கிறார். அந்தப் பலகையைப் பட்டறையின் வெளிச்சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மழை பிடித்துக்கொண்டால் மரம் ஊறிவிடும். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி